ஏ சைடு, பி சைடு: ஒரு பழைய கேசட் கடைக்காரரின் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் ரசிகர் குழுக்களில் நடக்கும் சண்டையும் சமாதானமும் பற்றியவை. ஆசிரியர் ஒரே கட்டாகக் கட்டி அனுப்பிவிட்டார். புதிய வாசகர்களுக்கு ஒரு வரி: 1983 முதல் பதினெட்டு ஆண்டுகள் கோவில்பட்டியில் பாட்டுப் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தேன். எட்டுக்குப் பத்து அடி இடம், இரண்டு டெக், ஒரு ரெக்கார்டு பிளேயர், வருகிறவர் உட்கார ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் நடக்காத சண்டை எதுவும் இப்போது செல்போனில் நடந்துவிடவில்லை.

வாசகர், மன்னார்குடி: எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இளையராஜாவா, ரஹ்மானா என்று பேச்சு முற்றி, என் மைத்துனர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார். தீபாவளிக்கு வருவாரா என்பதே சந்தேகம். நீங்களாவது தீர்ப்புச் சொல்லுங்கள்.

மைத்துனருக்கு வேட்டி எடுத்தாகிவிட்டது என்று தங்கை மூலம் சொல்லி அனுப்புங்கள், வந்துவிடுவார்.

1992இல் 'ரோஜா' கேசட் வந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன். என் கடைக்கு நாள் தவறாமல் வரும் வங்கி ஊழியர் ஒருவர் இருந்தார். இளையராஜாவைத் தவிர வேறு யாரையும் கேட்கமாட்டார். நான் புதுக் கேசட்டை ஓடவிட்டதும் ஸ்டூலிலிருந்து எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். "அண்ணாச்சி, இது மெஷின் சத்தம். மூன்று மாதம் தாங்காது" என்றார். மூன்று மாதம் வரை அவராலேயே தாங்க முடியவில்லை. மூன்றாவது வாரம், கடையில் ஆள் இல்லாத மதிய வேளையில் வந்து ஒரு காலி கேசட்டை நீட்டினார். அந்தப் பாட்டுகளைத்தான் கேட்டார். "லேபிளில் படத்தின் பெயர் எழுத வேண்டாம். பக்திப் பாடல்கள் என்று எழுதிவிடுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தேன். அவர் வீட்டில் அந்தக் கேசட் இன்றும் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ என்னவோ.

ரசிகர்கள்தான் கோடு கிழித்துக்கொண்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நிற்கிறார்கள். ரஹ்மான் இளம் வயதில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். இளையராஜாவும் எம்.எஸ். விஸ்வநாதனும் 1986இல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்குச் சேர்ந்தே இசையமைத்தார்கள். அந்த நேரத்தில் என் கடையில் எம்.எஸ்.வி. கட்சியும் இளையராஜா கட்சியும் ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை! இதற்கெல்லாம் முன்பு எங்கள் அப்பா காலத்தில் பாடி நடித்த பாகவதரா, சின்னப்பாவா என்று சண்டை. அப்போது குழுவை விட்டு வெளியேறும் வசதி இல்லை. அதே டீக்கடையில்தான் மறுநாளும் உட்கார வேண்டும்.

கல்லூரி மாணவி, திருச்சி: மீம் என்றாலே வடிவேலு முகம்தான். நாகேஷும் கவுண்டமணியும் அந்த அளவுக்கு வருவதில்லையே, ஏன்? என் தலைமுறைக்கு அவர்களைத் தெரியாது என்று அப்பா சொல்கிறார்.

அப்பாவிடம் சொல்லுங்கள்: தெரியாததால் இல்லை. அசையாத ஒரு படத்தில் யார் தங்குகிறார் என்பதுதான் கணக்கு.

நாகேஷின் சிரிப்பு அவர் உடம்பில் இருக்கிறது. 'திருவிளையாடல்' தருமி கோயிலில் தனியாகப் புலம்பும் இடத்தை நினைத்துப் பாருங்கள். போகிறார், திரும்புகிறார், கை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கம். அதை நிறுத்திப் படம் பிடித்தால் ஒல்லியான ஒரு மனிதர் நிற்பது மட்டும்தான் கிடைக்கும். கவுண்டமணியின் சிரிப்பு குரலில் இருக்கிறது, அதிலும் எதிராளி வாக்கியத்தை முடிப்பதற்குள் விழும் அந்த வேகத்தில். படத்தில் குரல் ஏது? வடிவேலுவோ அடி விழுவதற்கு ஒரு கணம் முன்பும், விழுந்த பிறகு ஒரு கணமும் முகத்தை அப்படியே நிறுத்திவைப்பார். வீறாப்பு, பயம், 'எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை' என்ற பொய், மூன்றும் அந்த ஒரே முகத்தில் இருக்கும். நிறுத்திப் படம் பிடித்தால் கதை முழுவதும் கையில் வந்துவிடுகிறது. மீம் என்று ஒன்று வரப்போகிறது என்று தெரிந்து நடித்தவர் போல இருக்கிறது.

2019 மே மாத இறுதியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். பாகிஸ்தானில் கட்டுமானப் பொறியியல் பற்றிய ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருந்தார்கள். நம் ஆள் ஒருவர், இதன் பெயர் சுத்தியல், இது விழுந்துதான் ஜமீன் அரண்மனையில் பெயிண்டர் நேசமணியின் மண்டை உடைந்தது, பாவம் என்கிற மாதிரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு பதில் எழுதினார். 'ஃப்ரெண்ட்ஸ்' படத்தில் வடிவேலு ஏற்ற காண்ட்ராக்டர் பாத்திரம் அது. அடுத்து ஒருவர், இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். அவ்வளவுதான். நேசமணிக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்ற வாசகம் ட்விட்டரில் உலக அளவில் மேலே போய்விட்டது. மே 30ஆம் தேதி டெல்லியில் மத்திய அரசின் பதவியேற்பு விழா. இங்கே ஒரு பெரிய கூட்டம் நேசமணிக்கு நினைவு திரும்பியதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. தமிழ் தெரியாதவர்கள் யார் இந்தப் பெரிய மனிதர் என்று உண்மையிலேயே கவலைப்பட்டார்கள்.

அதில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை இல்லை. மருத்துவ அறிக்கை எழுதியவர்கள், இரத்தம் கொடுக்க முன்வந்தவர்கள், யாராவது கைது செய்யப்பட்டார்களா என்று கேட்டவர்கள் என எத்தனையோ பேர் இருந்தும், இது நகைச்சுவை என்று ஒருவரும் விளக்கவில்லை. முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் ஒரே நாடகத்தில், ஒத்திகை இல்லாமல், முகம் மாறாமல் நடித்தார்கள். அந்தப் படம் வந்த 2001இல்தான் நான் கடையை மூடினேன். எனக்கு வடிவேலுவிடம் பழைய வருத்தம் ஒன்று இருந்தது. அன்று அதை மன்னித்துவிட்டேன். வடிவேலு வந்த பிறகு மக்கள் நகைச்சுவையைக் கேட்பதை விட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். கடைக்கு அது நல்லதில்லை.

வாசகர், சிவகாசி: 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சியை எழுதியவர் யார் என்று எங்கள் நகைச்சுவைக் குழுவில் கேட்டேன். அதெல்லாம் கவுண்டமணி படப்பிடிப்பில் தானாகப் பேசியது என்கிறார்கள். உண்மையா?

எழுதியவர் ஏ. வீரப்பன். அவரும் நடிகர்தான். கவுண்டமணி செந்தில் இணைக்குப் பல படங்களில் நகைச்சுவைப் பகுதியை எழுதிக் கொடுத்தவர். உங்கள் குழுவில் பாட்டு என்றால் பாடியவர், எழுதியவர், வயலின் வாசித்தவர் வரை தேடுகிறார்கள். நகைச்சுவை என்றால் மட்டும் நடிகர் வாயில் தானாக ஊறியது என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். ஒரு ரூபாய்க்கு இரண்டு பழம். செந்தில் ஒன்றைத் தின்றுவிட்டு ஒன்றோடு வருகிறார். இன்னொன்று எங்கே என்று கேட்டால், கையில் இருப்பதுதான் அந்த இன்னொன்று என்கிறார். யோசித்துப் பாருங்கள், செந்தில் ஒரு இடத்தில்கூடப் பொய் சொல்லவில்லை. கேட்கும் கேள்விக்கு எழுத்துப் பிசகாமல் பதில் சொல்கிறார். கேள்விதான் தப்பு. 'இன்னொன்று' என்ற ஒரு சொல் எந்தப் பழத்தைக் குறிக்கிறது என்பதில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்து, அதற்குள் ஒரு முழுக் காட்சியை நுழைப்பது எழுத்துக்காரரின் வேலை. அந்த ஓட்டைக்குள் கவுண்டமணி தலைகீழாக விழுவது நடிகரின் வேலை. இரண்டுக்கும் கூலி உண்டு.

அந்தக் காட்சி கேசட்டிலும் நன்றாக ஓடியது என்பதையும் சொல்லவேண்டும். எல்லாம் சொல்லிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் கதை வசனக் கேசட்டுகள் தனியாக விற்கும். 1984இல் 'விதி' நீதிமன்ற வசனம் ஒலிக்காத டீக்கடை கிடையாது. ஆனால் 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தை ஒருவர் பதிவு செய்து கேட்டார். செய்து கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்து, "என்னவோ குறைகிறது" என்றார். குறைந்தது பாலையாவின் முகம். பேசுவது நாகேஷ், நம்மைச் சிரிக்கவைப்பது வாயைத் திறக்காமல் வெலவெலத்துப் போகும் பாலையா. கேசட்டில் முகத்தை எப்படி ஏற்றுவது? பணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை, தேநீர் வாங்கிக் கொடுத்தேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்: 'சிந்து பைரவி' படத்தின் 'கலைவாணியே' பாட்டில் அவரோகணமே கிடையாது என்று எங்கள் குழுவில் ஒருவர் எழுதினார். சங்கீதம் தெரியாத என்னைப் போன்றவர்கள் அதை எப்படிக் கண்டுகொள்வது? அல்லது தலையாட்டிவிட்டுப் போகவேண்டியதுதானா?

எழுதியது சரி. கல்யாணி ராகம், சுரங்கள் ஏறும் வரிசையான ஆரோகணத்தை மட்டும் வைத்து அமைத்த பாட்டு. இறங்கும் வரிசைதான் அவரோகணம். தலையாட்ட வேண்டாம் ஐயா, மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணப் பாட்டு படியில் ஏறும், இறங்கும், நடுப்படியில் உட்கார்ந்து வெற்றிலை போடும். இந்தப் பாட்டுக்கு இறங்கும் படியே இல்லை. ஒவ்வொரு சொற்றொடரும் கீழிருந்து மேலே ஏறும். கீழே வரவேண்டுமென்றால் ஒரே குதி. மறுபடியும் ஏற்றம். யேசுதாஸின் குரல் அந்தக் குதியைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்துவிடுகிறது என்பதால்தான் நமக்குத் தெரிவதில்லை. விரலைக் காற்றில் உயர்த்திக்கொண்டே கேளுங்கள். இரண்டாவது முறை கேட்கும்போது பிடிபடும். மூன்றாவது முறை கேட்கும்போது வீட்டில் உள்ளவர்கள் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அதே படத்தில் இன்னொன்று. 'மரி மரி நின்னே' தியாகராஜர் கீர்த்தனை, கச்சேரிகளில் காம்போஜி ராகத்தில் பாடுவது. படத்தில் அதைச் சாரமதியில் அமைத்து, 'பாடறியேன்' என்ற நாட்டுப்புறச் சாயல் பாட்டு அப்படியே அதற்குள் போய்ச் சேரும்படி செய்திருக்கிறார் இளையராஜா. தியாகராஜர் கொடுத்த ராகத்தை மாற்றலாமா என்று என் கடை ஸ்டூலில் ஒரு நாயனக்காரரும் பாட்டு வாத்தியார் ஒருவரும் ஒரு மாலை முழுவதும் மல்லுக்கு நின்றார்கள். நாயனக்காரர் மாற்றலாம் என்ற கட்சி. பாட்டு வாத்தியார்தான் கடைசியில் கேசட் வாங்கிக்கொண்டு போனார்.

வாசகி, தென்காசி: பாட்டைப் பற்றிக் குழுவில் எழுத ஆசை. உட்கார்ந்தால் 'அருமை', 'மனதை உருக்குகிறது' என்பதைத் தாண்டி வரமாட்டேன் என்கிறது. எப்படி எழுதுவது?

எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த ஒரு பெண் வாரக் கூலி வாங்கிய அன்று சாயங்காலம் கடைக்கு வந்தாள். ஒரு பாட்டு வேண்டும் என்றாள். படத்தின் பெயர் தெரியாது, முதல் வரி தெரியாது, யார் பாடியது என்று தெரியாது. பஸ்ஸில் ஒரு முறை கேட்டதாம். "எப்படித்தான் கண்டுபிடிப்பது தாயி?" என்றேன். அவள் சொன்னாள்: "முதலில் யாரோ கதவை இரண்டு தட்டுத் தட்டுவது மாதிரி கேட்கும் அண்ணாச்சி. கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு வயலின் எல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடி வரும். பாடுகிறவர் இரண்டாவது தடவை அதே வரியைப் பாடும்போது சிரித்துக்கொண்டே பாடுகிறார். முகம் தெரியாவிட்டாலும் சிரிப்பது தெரிகிறது."

பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன். நான் நூறு தடவை ஓடவிட்ட பாட்டுதான் அது. அந்த இரண்டு தட்டையும் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

அவள் சொன்னதில் அருமை என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். பாட்டின் பெயர் உங்களுக்குத் தெரியாது, எதிரே கடைக்காரன் நிற்கிறான், அவனுக்கு அடையாளம் சொல்லியாகவேண்டும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

வாசகர், மதுரை: இணையம் வருவதற்கு முன் ரசிகர் குழு என்று ஏதாவது இருந்ததா? மன்றம், கட்அவுட், பாலாபிஷேகம் தவிர்த்துக் கேட்கிறேன்.

பாலாபிஷேகத்தைத் தவிர்த்ததற்கு நன்றி.

திருநெல்வேலியில் டி.கே. சிதம்பரநாத முதலியார் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' இருந்ததே! அவருக்குப் பட்டமே ரசிகமணி. ரசிப்பதற்கென்று ஒரு சபை வைத்தவர் அவர். கம்பனில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள். ஒரு சொல் வந்து விழும் இடத்தில் நின்றுவிடுவார்கள். கல்கி அந்த வட்டத்தின் நண்பர். பாஸ்கரத் தொண்டைமான் அதில் ஊறியவர். கூடி வர முடியாதவர்களுக்கு டி.கே.சி. எழுதிய கடிதங்கள் தனி இலக்கியம். இன்றைய ரசிகர் குழுவின் வியாதியும் அவரிடம் கொஞ்சம் இருந்தது. பிடிக்காத பாட்டு வந்தால் இது கம்பன் பாடியதே அல்ல, யாரோ நடுவில் செருகியது என்று தள்ளிவிடுவார். ஏராளமான பாட்டுகளை அப்படித் தள்ளினார், புலவர்கள் கொதித்தார்கள். நம் ஆள் மோசமாக எழுதியிருக்கவே முடியாது என்ற அந்த நம்பிக்கையை நான் தினமும் செல்போனில் பார்க்கிறேன்.

எங்கள் தலைமுறைக்கு இலங்கை வானொலி. தெற்குச் சீமையில் சென்னை நிலையத்தைவிட அது தெளிவாகக் கேட்கும். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிறகு 'பாட்டுக்குப் பாட்டு'. பாட்டுக்கு முன்னால் விரும்பிக் கேட்டவர்களின் பெயரும் ஊரும் வாசிப்பார்களே, அதுதான் எங்கள் குழு. அறந்தாங்கியில் ஒருவர், யாழ்ப்பாணத்தில் ஒருவர், சாத்தான்குளத்தில் ஒருவர் என்று தினமும் ஒரே பெயர்கள். பார்த்ததே இல்லை, ஆனால் யாருக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று தெரியும். சாத்தான்குளத்துக்காரர் சோகப்பாட்டாகவே கேட்பார். அவருக்கு என்ன கஷ்டமோ என்று என் அம்மா கவலைப்படுவாள். நானும் எத்தனையோ கடிதம் போட்டேன். ஒரே ஒரு முறை என் பெயர் வந்தது. ஊரை மட்டும் கோயம்புத்தூர் என்று வாசித்துவிட்டார்கள். வீட்டில் யாரும் நம்பவில்லை.

வாசகர், ஈரோடு: 'மாதவிப் பொன்மயிலாள்' கண்ணதாசன் பாட்டு என்று ஒரு குழுவில் நீங்களே எழுதியதைப் பார்த்தேன். வாலி என்று நினைவு. எது சரி?

வாலிதான். 1967இல் வந்த 'இரு மலர்கள்'. மாட்டிக்கொண்டேன், முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குழுவில் நான் கொஞ்சம் கெத்தாக, 'பதினெட்டு ஆண்டு அனுபவத்தில் சொல்கிறேன், கண்ணதாசன்' என்று எழுதினேன். ஐந்து நிமிடத்தில் நாற்பது பேர் கைதட்டினார்கள். ஆறாவது நிமிடம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை ஒரு புகைப்படத்தைப் போட்டது. அதன் தாத்தாவின் பெட்டியில் இருந்த பாட்டுப் புத்தகம். தியேட்டர் வாசலில் விற்பார்களே, அந்த மாதிரி. பழுப்பேறி, ஓரத்தில் எலி கடித்து, பாடல்கள் வாலி என்று இருந்தது. 'மன்னிக்கவும் தாத்தா' என்று ஒரு வரி வேறு. கைதட்டிய நாற்பது பேரும் சத்தமில்லாமல் அந்தப் பக்கம் போய்க் கைதட்டினார்கள்.

அதே விஸ்வநாதன், அதே சௌந்தரராஜன், அதே கரகரப்பிரியா ராகக் குழைவு என்று வரும்போது எழுதியவரும் அவராகத்தான் இருப்பார் என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது. வாலிக்கு வாழ்நாள் முழுவதும் இந்தத் தொல்லை இருந்தது. என் கவலை வேறு. பதினெட்டு ஆண்டுகளாக லேபிளில் கண்ணதாசன் என்றே எழுதி ஒட்டியிருக்கிறேன். கோவில்பட்டி வட்டாரத்தில் எத்தனை வீட்டில் என் கையெழுத்தில் அந்தப் பொய் இருக்கிறதோ!

இதோடு ஒன்று. 'சுஜாதா சொன்னது' என்று பூப்போட்ட படத்தில் பொன்மொழிகள் வருகின்றன. அவர் 2008 பிப்ரவரியில் மறைந்தார். வாட்ஸ்அப் வந்தது 2009இல். போன வாரம் எனக்கு வந்த சுஜாதா பொன்மொழி, வாட்ஸ்அப்பில் நேரத்தை வீணாக்காதீர்கள் என்று புத்தி சொன்னது. அவர் விஞ்ஞானக் கதை எழுதியவர்தான், இருந்தாலும் இது அதிகம். ஸ்ரீரங்கத்து ரங்கராஜன்கள் இருவர், ஒருவர் வாலி, ஒருவர் சுஜாதா. இருவருக்கும் இந்தக் கதி.

வாசகி, கோலாலம்பூர்: 'பொன்னியின் செல்வன்' வாசகர் குழுவில் பூங்குழலியை வைத்து நானே ஒரு தொடர்கதை எழுதுகிறேன். கல்கியின் பாத்திரத்தைத் தொட நீ யார் என்று சிலர் திட்டுகிறார்கள். நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள் அம்மா. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை. அதனால் சட்டத் தொல்லை இல்லை. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று அந்தக் கதையின் தொடர்ச்சியாக ஒரு நாவலே எழுதியிருக்கிறார். கல்கியும் ஒரு கல்வெட்டு வரியிலிருந்து புறப்பட்டவர்தானே? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவில் வல்லவரையர் வந்தியத்தேவர் பெயர் வருகிறது. அந்த ஒற்றைப் பெயருக்குக் குதிரையும் குறும்பும் பசியும் கொடுத்து 1950 முதல் 1954 வரை வாராவாரம் நாட்டையே காத்திருக்க வைத்தார். தொடர் முடிந்ததும், அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் விடாமல் கேட்டதால் முடிவுரை எழுதிப் பதில் சொல்லவேண்டியிருந்தது. கதை முடிந்த பிறகும் விடமாட்டேன் என்பது அந்த நாவலோடு சேர்ந்தே பிறந்த பழக்கம்.

நீங்கள் அனுப்பிய முதல் அத்தியாயம் படித்தேன். முதல் ஒன்றரைப் பக்கம் நிலா. பூங்குழலி படகில் ஏறவே இல்லை. கல்கி எப்படித் தொடங்குகிறார் பாருங்கள்: ஆடிப்பெருக்கு, வீரநாராயண ஏரிக்கரை, குதிரை மேல் ஓர் இளைஞன். அவன் ஏரியைப் பார்த்துப் பெருமூச்சு விடவில்லை, தண்ணீர் பாயும் கணவாய்களை எண்ணுகிறான். எழுபத்து நான்கு! ஏரி எவ்வளவு பெரியது என்பதும், அவன் எப்படிப்பட்ட பயல் என்பதும் அந்த எண்ணிலேயே வந்துவிடுகிறது. உங்கள் பூங்குழலி கடலில் பிறந்து வளர்ந்தவள். நிலாவைப் பார்த்து உருகுகிறவள் கரையில் இருக்கும் நாம்தான். அவள் அதைப் பார்த்து நீர் ஏற்றமா வற்றமா என்று கணக்குப் போடுவாள். திட்டுகிறவர்களுக்குப் பதில் எழுதும் நேரத்தில் அந்த ஒன்றரைப் பக்கத்தை வெட்டுங்கள்.

வாசகர், சேலம்: கிரேசி மோகன் நாடகங்களில் கதாநாயகிக்கு எப்போதும் ஜானகி என்றே பெயர். காரணம்?

பள்ளியில் அவரை முதன்முதலில் மேடையேற்றிய ஆசிரியையின் பெயர் ஜானகி. வரிக்கு வரி சிலேடை எழுதிய மனிதர், மெக்கானிக்கல் பொறியியல் படித்தவர், ஓய்வு நேரத்தில் வெண்பா எழுதியவர். தளை தட்டாமல் வெண்பா கட்டுகிறவருக்கு வசனத்தில் ஒரு சொல்லை எங்கே வைத்தால் வெடிக்கும் என்று தெரியாமல் போகுமா?

வாசகர், வேலூர்: எங்கள் இசைக் குழுவில் தினமும் நூற்றைம்பது பேர் காலை வணக்கப் படம் போடுகிறார்கள். நிர்வாகி நான்தான். என்ன செய்வது?

நீங்களும் ஒன்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

வாசகர், விருதுநகர்: உங்கள் கடையில் கடைசியாகப் பதிவு செய்த கேசட் எது?

2001 ஆவணி மாதம். அறுபது நிமிடக் கேசட், பக்கத்துக்கு முப்பது. சிகரெட் அட்டையின் பின்புறம் பென்சிலால் எழுதிய பதின்மூன்று பாட்டுகள். ஏ சைடில் ஆறு சரியாக உட்கார்ந்தது. பி சைடில் ஏழாவது பாட்டு இரண்டாம் சரணத்தில், பாடகி மூச்சு எடுக்கும் இடத்தில் நாடா முடிந்துவிட்டது. சீட்டைக் கொடுத்தவர் வந்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன், அவர் வரவே இல்லை. சீட்டில் பெயர் இல்லை. நீலச் சட்டை, இடது கையில் கடிகாரம் கட்டிய தடம் இருந்தது, கடிகாரம் இல்லை. கேசட் இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. போன மாதம்கூட ஓடவிட்டுப் பார்த்தேன், பூசணம் பிடிக்கவில்லை. முன்பணம் பத்து ரூபாய் கொடுத்திருக்கிறார். பாக்கி பதினைந்து.